கதைக்குள்ளேயே இருந்துவிடலாம் போலிருக்கு

பெப்ரவரி 8, ஞாயிறு – கேள்வி

அண்ணே, நேரடியாகவே கேட்கிறேன். எனக்கு உண்மை வாழ்க்கையைவிடக் கதை உலகம்தான் பிடிச்சிருக்கு. நாவல், தொடர்கதை, கொரியத் தொடர், தோட்டத்துல ஆடுற காமன் கூத்து, எதுவானாலும் சரி. மனசு அதுல வர்ற ஆட்களோடதான் கிடக்குது. இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோர்ல, அதான் தேயிலைத் தொழிற்சாலையில, வேலை. ரோலர் சத்தத்துக்குள்ளயும் தலையில வேற ஒரு கதை ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு கதை முடிஞ்சா ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது. "இதெல்லாம் விட்டுத் தொலை"ன்னு வீட்டுல சொல்றாங்க. விட்டாத்தான் மனுசனா வாழ முடியுமா? விடாம வாழ வழி இருந்தா அதைச் சொல்லுங்க.

பெப்ரவரி 8, இரவு

விட வேண்டாம் தம்பி. கதைமேல் வைக்கிற ஆசை நோய் இல்லை. ஆனால் நீங்க ஒரே மூச்சில் சொன்னதில் மூன்று வேறு காரியங்கள் இருக்கு. ஒன்று, யாரோ சொன்ன கதையைப் படிப்பது, பார்ப்பது. இரண்டு, கூத்தாகவோ எழுத்தாகவோ நம் கையால் கதை செய்வது. மூன்று, தலைக்குள் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, கூத்துக்கு விடியல் உண்டு. மூன்றாவது மட்டும் தானாக முடியாது. "கதையை விடு" என்று வீட்டில் சொல்கிறவர்கள் மூன்றையும் சேர்த்தே வெட்டச் சொல்கிறார்கள். அப்படி வெட்டினால் முதல் இரண்டும் போய்விடும், மூன்றாவது மட்டும் தங்கிவிடும். அதற்குக் காசும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

ஒரு வாரம் மூன்றையும் தனித்தனியாக எழுதி வையுங்க. பிறகு பேசலாம்.

ஒரு காரியம் மட்டும் நாளைக்கே. ரோலருக்கும் சல்லடைக்கும் பக்கத்தில் நிற்கும்போது காதில் எதையும் மாட்ட வேண்டாம், தலைக்குள்ளும் கதையை ஓட்ட வேண்டாம். கொழுந்து வாட 12 முதல் 18 மணிநேரம் பிடிக்கும். அதனால் அரைவை பெரும்பாலும் ராத்திரியில், தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில்தான் வரும். அந்த நேரத்தில் மெஷினுக்கு முன் நிற்கிற உடம்புக்குள் ஆள் இல்லை என்றால் போவது விரல்.

பெப்ரவரி 10, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கீங்க. 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரியுங்க. முதல் பத்தியில் நேரம். இரண்டாவதில் வகை: படிப்பதற்கு "ப", செய்வதற்கு "செ", தலைக்குள் ஓட்டுவதற்கு "ஓ". மூன்றாவதில், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. நாலாவதில், முடிந்ததும் உடம்பு எப்படி இருந்தது: பசி, அசதி, தெம்பு, அழுகை, எதுவோ அது.

முக்கியமானது மூன்றாவது பத்தி. அதைத்தான் எல்லாரும் வெற்றாக விடுவார்கள். படுக்கும்போது நாள் முழுவதையும் நினைத்து எழுதப்போனால் "ப" நினைவிருக்கும், "ஓ" மறந்துபோகும். அது காற்று மாதிரி வந்து போகிற சமாச்சாரம். ஆகவே தேத்தண்ணி நேரம், சாப்பாட்டு நேரம், படுக்கை என்று ஒரு நாளில் மூன்று தரம் எழுதணும். இரண்டு சொல் போதும்.

இந்த மூன்றாவது வகையை இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலி சோமர் என்ற உளவியலாளர் 2002இல் ஒரு கட்டுரையில் தனியாக எடுத்து விவரித்தார். வாழ்க்கைக்கு இடைஞ்சல் செய்கிற அளவுக்குப் போன பகற்கனவு அது. பிறகு அதை அளக்க 16 கேள்விகள் கொண்ட அளவுகோலும் வந்தது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்துகிற நோய்ப் பட்டியலில் அதற்கு இன்னும் தனி இடம் இல்லை. நமக்கு உதவுகிற செய்திகள் இரண்டு. இப்படிக் கனவு காண்கிறவர்களுக்கு அது கனவு என்பது நன்றாகத் தெரியும். கதாபாத்திரம் நிசமாக எதிரே நிற்பதாக நம்புவதில்லை. இன்னொன்று, பாட்டும் ஒரே தாளத்தில் வருகிற அசைவும் பலருக்குக் கனவைக் கிளப்பிவிடும். ஹட்டனில் இருந்து வளைந்து வளைந்து இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனில் பாட்டு: இரண்டும் சேர்ந்தாச்சு. கொப்பியில் "பஸ்" என்று அடிக்கடி வந்தால் பயணத்தை விட முடியாது, பாட்டை விடலாம். பாட்டுக்குப் பதில் யாராவது பேசுகிற நிகழ்ச்சி, செய்தி, வானொலி நாடகம் கேளுங்க. பிறர் சொல்கிற சொல் காதில் விழுகிறபோது சொந்தக் காட்சி அவ்வளவு எளிதில் ஓடாது.

பெப்ரவரி 11

"ஒரு அத்தியாயம் முடிச்சிட்டுப் படுக்கலாம்னு நினைக்கிறேன், ரெண்டு மணி ஆயிடுது."

அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தப் பார்ப்பதால்தான் ரெண்டு மணி ஆகுது. தொடர் எழுதுகிறவர்கள் தூண்டில் போடுவதே அந்த இடத்தில்தான். கதவு தட்டப்படும், கடிதம் பிரிக்கப்படும், விளக்கு அணையும், "தொடரும்". அத்தியாயத்தின் நடுவில், இரண்டு பேர் சும்மா பேசிக்கொண்டு நடக்கிற இடத்தில், பந்தியின் பாதியில் மூடி வையுங்க. வீடியோத் தொடர் என்றால் அடுத்த பாகத்தின் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு நிறுத்துங்க. முந்தின பாகத்துத் தூண்டில் பெரும்பாலும் அதற்குள் அவிழ்ந்துவிடும். தானாக அடுத்த பாகத்துக்குத் தாவுகிற வசதியை முதலில் அணைத்துவிடுங்க.

பெப்ரவரி 14, சனி

காமன் கூத்தைப் பற்றி நீங்க ஒரே சொல்லில் தொட்டுவிட்டுப் போனீங்க. உங்களுக்கு வேண்டிய விடை அங்கேதான் இருக்கு என்பது என் எண்ணம். அதனால் இது கொஞ்சம் நீளும்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமி ராத்திரி தகனம். மூன்றாம் நாள் உயிர்த்தெழுப்புதல். தோட்டத்துக்குத் தோட்டம் நாளும் சடங்கும் கொஞ்சம் முன்பின்னாகும், அடுக்கு மாறாது. அந்த இரண்டு வாரமும் முழுத் தோட்டமும் ஒரு கதைக்குள் குடியிருக்குது. தவத்தில் இருக்கிற ஈசனை எழுப்ப மதனை, அதாவது காமனை, அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் போய்க் கணை விடுகிறான், நெற்றிக்கண் திறக்குது, எரிந்து போகிறான். ரதி அழுது கேட்டு அவனைத் திரும்பப் பெறுகிறாள், அதுவும் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. எரிவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் பெரியவர்கள் அழுகிறார்கள். மறுநாள் காலை பெரட்டுக்கும் (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கும்) போகிறார்கள். இது எப்படி நடக்குது?

உள்ளே போக வழியும் வெளியே வர வழியும் வைத்திருக்கிறார்கள். பாருங்க. இடம்: காமன் பொட்டல். கதை அங்கேதான் நடக்கும், தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் நடக்காது. ஆரம்பம்: பொட்டலைக் கூட்டிச் சாணி தெளித்து, கம்பம் ஊன்றி, கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் சேர்த்துக் கட்டுவது. இன்னென்ன கொடி, இன்னென்ன தழை என்கிற பட்டியல் ஒவ்வொரு கூத்து வாத்தியாரிடமும் ஒவ்வொன்று. ஆள்: ரதியும் மதனும் கட்டுகிறவர்களுக்குக் காப்புக் கட்டி விரதம். காப்புக் கையில் இருக்கிறவரை அவர் வேடக்காரர், சாப்பாடும் படுக்கையும் வேறு. பிறகு முடிவு: தகனம், மூன்றாம் நாள், காப்பு அவிழ்ப்பு. அவிழ்த்தபிறகு அவர் மறுபடியும் கொழுந்து நிறுக்கிற, கவ்வாத்து வெட்டுகிற ஆள்.

வீரபத்திரன் மாதிரி ஆவேச வேடத்துக்குப் பக்கத்திலேயே ஆள் நிற்கும், அருள் ஏறினால் பிடிக்கிறதுக்கு. பொன்னர் சங்கர் கூத்திலும் படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பாமல் கூத்தை முடிக்க மாட்டார்கள். செத்துக் கிடக்கிற வேடக்காரரை அப்படியே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

செலவைக் குறைக்கிறோம் என்று தகனத்தோடு கூத்தை நிறுத்துவது பெரிய பிழை என்பேன். தப்பு மேளமும் ஆளும் மறுபடி சேர்க்க வேணுமே என்று மூன்றாம் நாளை வெட்டினால், மதன் எரிந்தவனாகவே நிற்கிறான். பார்த்தவர்கள் அந்த நெருப்போடேயே படுக்கப்போவார்கள். தகனத்துக்குச் சேர்த்த வரிப்பணத்தில் ஒரு பங்கை மூன்றாம் நாளுக்கென்று முதலிலேயே பிரித்து வேறு ஆளிடம் கொடுத்து வைக்கணும்.

இப்போது உங்க விசயத்துக்கு வாங்க. ஒரு கதை முடிந்தால் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை என்றீங்க. உங்க வாசிப்பில் தகனம் இருக்கு, மூன்றாம் நாள் இல்லை. உள்ளே போக நேரம் காலம் இல்லை, வெளியே வர வாசலும் இல்லை. இதைச் செய்து பாருங்க:

வாசிக்க ஒரு இடம், ஒரே இடம். படுக்கை வேண்டாம். உள்ளே போக ஒரு அடையாளம்: முகம் கழுவுவது, ஒரு கோப்பைத் தேத்தண்ணி, எதுவோ ஒன்று, தினமும் அதேதான். கதை முடிந்த அன்றே அடுத்த கதையைத் தொடக்கூடாது. ஒரு நாள் சும்மா விடுங்க. மூன்றாம் நாள் அந்தக் கதையை உயிருள்ள ஒரு ஆளிடம் பத்து நிமிடத்தில் சொல்லுங்க. எழுதி அனுப்புவது கணக்கில் சேராது, வாயால் சொல்லணும். எதிரில் இருப்பவர் "அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேட்பார். பதில் சொல்லித்தான் ஆகணும். அங்கே கதை உங்க தலையை விட்டு இறங்கி, இரண்டு பேருக்கும் பொதுவில் வந்து உட்காரும்.

பெப்ரவரி 16

தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கார். முழுதாக இங்கே போடுகிறேன்.

"ரதி வேசத்தையும் ஆம்பிளைதான் கட்டுறாங்க. நாங்க பாயில உட்கார்ந்து பார்க்கிறதும் விடிய விடிய தேத்தண்ணி ஊத்துறதும்தான். எட்டடிக் காம்பராவுல ஆறு பேர். வாசிக்க ஒரே இடம்னு சொல்றீங்களே, அது எங்க இருக்கு? எனக்குன்னு கதவு சாத்த முடியிற ஒரே இடம் தலைக்குள்ளதான்."

இது என் 14ஆம் திகதிக் குறிப்பை அசைத்துவிட்டது. லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு பெண்ணுக்குக் கனவு என்பது தப்பி ஓடுவதாக இல்லாமல், கிடைக்காத அறையாகவும் இருக்கலாம். அறை இல்லாதவரிடம் அறையை ஒழுங்காக வை என்று சொல்ல முடியாது. அதனால் தங்கச்சிக்கு வேறு முறை. இடத்துக்குப் பதில் வேலையை வாசலாக வையுங்க. நிரை (தேயிலைச் செடி வரிசை) பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரைக்காரிக்குக் கதை சொல்வது நம் மலையில் பழைய பழக்கம். ஒரு நிரை ஏறி முடிகிற நேரம் ஒரு கண்டம். நிரை முடிந்தால் கதையும் நிற்கணும், மிச்சம் அடுத்த நிரையில். கேட்பவர் இருப்பதால் ஒரே காட்சியைத் திரும்ப ஓட்ட முடியாது, நகர்த்தியே ஆகணும். செடியின் மட்டம் பார்த்துப் பறிக்கிற கை நிற்காது. சரிவு வழுக்குகிற இடத்தில், அட்டை கடிக்கிற இடத்தில் கதையும் தானாக நின்றுகொள்ளும்.

படிக்க உட்கார இடம் வேணும் என்றால் பின்னேரத்தில் கோயில் மண்டபம், பிள்ளைகள் போனபின் பிள்ளைக்காம்பராவின் (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) விறாந்தை, ஞாயிறில் டவுன் நூலகம். பொறுப்பில் இருப்பவரிடம் தனியாகக் கேட்பதைவிட இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து "வாசிக்க" என்று சொல்லிக் கேட்டால் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். ரதி வேடம் பெண்ணுக்கு வேணும் என்பது நியாயமான கேள்வி. விரத முறையைக் காட்டி மறுப்பவர்களிடம், பாட்டையாவது பெண்கள் பாடட்டும் என்று தொடங்கலாம். ரதியின் ஒப்பாரிக்கு, ஒப்பாரி வைத்துப் பழகிய தொண்டையைவிடப் பொருத்தமானது எது?

பெப்ரவரி 20

வேடம், தப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு. பேச்சு விலகிப் போகுது, பரவாயில்லை. கதை கையால் செய்யப்படுகிற இடம் இதுதான்.

முகவெள்ளைக்குச் சிங்க் ஒக்சைட் தூளும் தேங்காயெண்ணெயும். தூளில் எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டுக் குழைக்கணும், மொத்தமாக ஊற்றினால் கட்டி தட்டும். மலையில் வருகிற தொல்லை, தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மாசி ராத்திரியில் நுவரெலியாப் பக்கம் 10 பாகைக்கும் கீழே இறங்குகிறபோது, குழைத்த மாவு தட்டிலேயே கல்லாகும். முகத்தில் இழுத்தால் திட்டுத் திட்டாக நிற்கும், சிரித்தால் வெடிக்கும். தட்டைச் சுடுதண்ணிச் சட்டிமேல் வைத்துக்கொண்டே பூசுங்க. கனமாக ஒரு பூச்சு வேண்டாம், மெல்லியதாக இரண்டு. பூசுமுன் வெறும் எண்ணெய் ஒரு கை தடவினால் கலைப்பது சுலபம். மஞ்சளுக்கு அசல் அரிதாரம் வேண்டவே வேண்டாம், அது ஆர்செனிக் சேர்ந்த தாது, விசம். எந்தச் சாயமானாலும் முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கணும்.

கலைக்கும்போது முதலில் சோப் போடுகிறார்கள். கூடாது. எண்ணெயில் குழைத்தது எண்ணெயில்தான் கழன்று வரும். சூடாக்கிய தேங்காயெண்ணெயைத் தடவி, பழைய பருத்தித் துணியால் துடைத்து, பிறகு சோப், பிறகு வெந்நீர். அவசரப்பட்டால் புருவ ஓரத்திலும் காது மடலிலும் வெள்ளை ஒட்டிக்கொண்டு மறுநாள் மலைக்கும் வரும். வேடத்தைக் கலைக்கிற நேரத்தில் வேடக்காரரைத் தனியாக விடக் கூடாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுச் சமாச்சாரம் பேசணும்.

தப்பு: மிசம் (மூடுபனி) இறங்கினால் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துபோகும், ஓசை செத்துவிடும். வைக்கோல் நெருப்பில் தோல் முகத்தைக் காட்டி, வட்டமாக நகர்த்திக்கொண்டே காய்ச்சணும். ஒரே இடத்தில் பிடித்தால் அந்த இடம் கருகி, பிறகு அடிக்குச்சி பட்டதும் கிழியும். தட்டிப் பார்த்து "கணீர்" என்று வந்ததும் எடுத்துவிடணும். ஆட்டம் நடக்கிற நேரம் முழுவதும் நெருப்பு அணையாமல் பார்க்க ஒரு ஆள் தனியாக வேணும். ஆடுகிறவர் பக்கம் புகை போகாதபடி காற்றுப் பார்த்து அடுப்பை வையுங்க.

பெப்ரவரி 24

தம்பி, நீங்க தலைக்குள் ஓட்டுகிற ராச்சியத்தை எழுதிப் பார்த்து, "தலைக்குள்ள உயிரோட இருந்தது, தாளில் செத்துப்போச்சு" என்றீங்க. காரணம் இருக்கு. கனவில் ஒரே காட்சிதான் இருக்கும்: சபையில் எல்லாரும் பார்க்க அவன் எழுந்து நிற்கிறான். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் கிடையாது. மழை கிடையாது, செலவு கிடையாது, தூரம் கிடையாது. கனவுக்கு அது போதும், கதைக்குப் போதாது.

தூரத்தில் இருந்து தொடங்குங்க. 1 : 50,000 நிலவரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். நமக்குத் தெரிந்த ஒரு மலையின் சமவுயரக் கோடுகளை மெல்லிய தாளில் பிரதி எடுங்க, ஊர்ப் பெயர்களை விட்டுவிடுங்க. அதன்மேல் உங்க ராச்சியத்தை வையுங்க. மலையில் நடக்கிற நேரத்துக்கு ஸ்கொட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்னும் உதவுது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலதிகமாக ஒரு மணி. அரண்மனைக்கு 3 கிலோமீட்டர், 300 மீட்டர் ஏற்றம் என்றால் 36 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 66 நிமிடம். சுமை இருந்தால் கூடும். இதைப் போட்டுப் பார்த்தால், உங்க தூதன் "உடனே" வந்து சேர்ந்த காட்சி நிற்காது. அவன் வர ஒரு மணிக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணியில் சபையில் என்ன நடந்தது? உங்களிடம் இல்லாத காட்சி அங்கேதான் பிறக்கும்.

அடுத்தது வயிறு. யார் சமைக்கிறார், அரிசி எங்கிருந்து வருது, விறகு யார் சுமக்கிறார். உங்க ராச்சியத்திலும் தேயிலை விளையுது என்று எழுதியிருக்கீங்க. அப்படியானால் ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேணும். ஒரே மலைக்கு ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை திரும்ப வரணும், தவறினால் இலை முற்றும். ராசாவுக்கு எத்தனை பேர் கொழுந்து எடுக்கிறார்கள்? அவர்களில் ஒருத்தி சபையைப் பற்றி என்ன நினைக்கிறாள்? அவளுக்கு ஒரு பக்கம் கொடுங்க.

புதுமைக்காக எங்கேயும் போக வேண்டாம். மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியாவை மூடிக்கிடக்கு. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே வரும். சிங்கமலை ரயில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் வெயில், அந்தப் பக்கம் மிசம் என்று இருக்கிற நாட்கள் உண்டு. பட்டிப்பொல ரயில் ஸ்டேசன் 1900 மீட்டருக்குக் கிட்டிய உயரத்தில் நிற்குது. கற்பனை உலகம் கேட்கிற எல்லாம் இங்கேயே கிடக்கு, அளந்து எடுக்கணும்.

பெப்ரவரி 25

நேற்று எழுதியதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கணும். வரைபடம், வம்சாவளி, கொடி, நாணயம் என்று சேர்த்துக்கொண்டே போய் ஒரு காட்சிகூட எழுதாமல் இருப்பதும் "ஓ" தான், வேடம் மட்டும் "செ". ஒரு மணிநேரம் வரைபடத்துக்குப் போனால், அடுத்த ஒரு மணிநேரம் ஆட்கள் பேசுகிற காட்சிக்கு.

பெப்ரவரி 28

காசில்லாமல் கதை எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டாச்சு. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து, மலையகத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கு. பழைய இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம். சிக்னல் இருக்கிற இடத்தில் இறக்கிக்கொண்டு, வீட்டில் டேட்டாவை அணைத்துவிட்டுப் படிங்க. டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் கதைக்குள் இருந்து இன்னொரு கதைக்கு வழுக்கிக்கொண்டே போவீங்க.

மார்ச் 5, வியாழன்

தகனம் முடிந்தது. தம்பி கொப்பியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கார். அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

"ஓ" வருகிற இடங்களைப் பாருங்க. பஸ், எதிர்பார்த்ததுதான். ஆனால் அதைவிட அதிகம், சம்பளத்துக்கு முந்தின வாரம். மூன்றாவது பத்தியில் "கடைக்காரர் கேட்டார்", "அம்மா மருந்து", "ஃபோன் லோன்" என்று திரும்பத் திரும்ப வருது. அந்த வாரத்துச் சபைக் காட்சியில் உங்க ஆள் எழுந்து நின்று எல்லாருடைய கடனையும் தீர்க்கிறான். காட்சி எங்கிருந்து வருது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ராச்சியம் உங்களுடையதாகவே இருக்கட்டும், அதை யாரும் பிடுங்க வேண்டாம். கடன் வேறு கொப்பியில் போகணும்: யாருக்கு, எவ்வளவு, மாதம் எவ்வளவு முடியும், எந்தத் திகதி. கடைக்காரர் கேட்கும்வரை காத்திருக்காமல் சம்பளத்தன்று நீங்களே போய் ஒரு தொகையைச் சொல்லுங்க. "ப"வுக்கு எதிரே நாலாவது பத்தியில் பெரும்பாலும் "தெம்பு" என்று இருக்கு, "ஓ"வுக்கு எதிரே "அசதி". வீட்டில் காட்ட வேண்டியது இந்தப் பக்கத்தைத்தான்.

எப்போது மருத்துவரிடம் போகணும்? கனவுக்காக வேலைக்கு வராமல் நிற்பது, நிறுத்த நினைத்தும் மாதக்கணக்கில் முடியாமல் போவது, சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து கெடுவது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருவது. தலைக்குள் அல்லாமல் வெளியில் இருந்து குரல் கேட்பது போலிருந்தால் ஒரு நாளும் தள்ள வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்கில் காட்டலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். கொப்பியைக் கையில் கொண்டு போங்க. ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்ல முடியாததை அது காட்டும்.

மார்ச் 6

லாவணி பற்றி ஒருவர் கேட்டது. தமிழ்நாட்டில் இதே காமன் கதையை வைத்து எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ராத்திரி முழுக்கப் பாட்டில் வாதாடுவார்கள். மதன் எரிந்தானா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. கேள்விக்குப் பதில் கேள்வி, பாட்டுக்குப் பதில் பாட்டு. கதையில் வருகிற ஒருவனுக்காக வளர்ந்த ஆட்கள் இப்படித் தொண்டை கிழிய நிற்பதை யாரும் பைத்தியம் என்றதில்லை. எதிர்க்கட்சி வேணும், அதுதான் முக்கியம். தம்பி, உங்க கதைகளுக்கு ஒரு எதிர்க்கட்சிக்காரரைத் தேடிக்கொள்ளுங்க. தங்கச்சியும் இங்கேதான் இருக்கார், அவருக்கு உங்க ராசாவைப் பிடிக்கவில்லை என்று நேற்றே எழுதிவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

"அடுத்த மாசிக்கு நானும் கட்டலாமாண்ணே?"

கட்டலாம். மாசியில் போய்க் கேட்டால் இடம் இருக்காது, வேடம் பிரிப்பது அதற்கு முன்பே முடிந்துவிடும். தீபாவளி கழிந்ததும் வாத்தியாரிடம் போங்க. மதன் வேடம் கேட்க வேண்டாம், அது சில தோட்டங்களில் குடும்ப வழியாக வருது, விரதமும் கடுமை. தூதன் நல்ல தொடக்கம்: பேச்சு குறைவு, நடை அதிகம். பாட்டுக் கொப்பியை இரவல் வாங்கிக் கையால் பிரதி எடுத்துக் கொடுங்க, உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்க. பல தோட்டங்களில் பாட்டு ஒரே ஒரு ஆளின் கிழிந்த கொப்பியில்தான் இருக்கு.

முதல் வருசம் பந்தம் பிடிக்கச் சொன்னால் மறுக்காதீங்க. பந்தம் பிடிக்கிறவர்தான் எல்லா வேடத்தையும் கிட்டத்தில் இருந்து பார்க்கிறார். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, கம்பின் நுனியில் இறுக்கிச் சுற்றி, மெல்லிய கம்பியால் மூன்று இடத்தில் கட்டுங்க. நூலால் கட்டினால் எரிந்து அவிழும். எண்ணெயில் முக்கியதும் நன்றாகப் பிழியணும், சொட்டுகிற பந்தத்தைக் கொளுத்தக் கூடாது. கம்பு கை முழ நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், ஈரச் சாக்கு ஒன்று பக்கத்தில். நைலோன் சேலை வேண்டவே வேண்டாம், உருகிக் கையில் ஒட்டும்.